பால்சுறா என்று நான் விற்றது

கோவில்பட்டிப் பக்கத்தில் கருவாடு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. குறையாகச் சொல்லவில்லை. கடல் இல்லாத ஊர்கள். உளுந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே மழை எப்போது பெய்த காடு என்று சொல்லிவிடுவார்கள். மிளகாய் வத்தலைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கி, விதை உருளும் சத்தத்தில் காய்ந்த பதத்தைக் கண்டுபிடிப்பார்கள். கருவாடு என்று வந்துவிட்டால் மட்டும் மூக்கை நம்புவார்கள். நெத்திலி நாறினால் வேண்டாம் என்பார்கள். பால்சுறா நாறாவிட்டால் வேண்டாம் என்பார்கள்.

இது உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். சுறா எதுவானாலும் காய்ந்த பிறகு மூத்திர நாத்தம் அடிக்கும். பிடித்த அன்றே உப்புப் போட்டால் கொஞ்சமாக அடிக்கும். கெட்டுப்போகப் போகக் கூடும். கடற்கரைக்காரன் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவான். கரிசல்காட்டில் வேறு மாதிரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறாக் கருவாடு வாங்கி, பூண்டை உரித்துப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். நாத்தம் எவ்வளவோ அவ்வளவு பால் என்று ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. நான் இல்லை. நான் மறுத்ததும் இல்லை.

என் பேர் சோலைமுத்து. ஊர் குளத்தூர். விவரம் தெரிந்த நாளிலிருந்து உப்பளத்தில் நின்றவன். உப்புத் தண்ணீரில் விரலிடுக்கு வெந்து தோல் உரியும். அம்மா அந்தக் காலோடு எங்களை மறுநாளும் கூட்டிப்போவாள். வலைக்காரர்கள் மணலில் உதறிவிட்டுப் போகிற கழிவு மீனைப் பொறுக்கிக்கொண்டு வந்து, புழு இருந்தால் புழுவைத் தட்டிவிட்டு வேகவைப்பாள். நாங்கள் சாப்பிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பொருளைத் தூக்கி எறிவதைப் பார்த்தால் ஓடிப்போய் எடுத்துவிடுவது எனக்கு அப்போது வந்த பழக்கம். மற்றவர்களுக்கு நாத்தம் குமட்டும். எனக்கு வீணடிப்பது குமட்டும்.

குளத்தூருக்கு மேற்கே, வேலிக்கருவைக்கு நடுவே இருந்த அந்தக் கொட்டகையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சௌந்தரபாண்டியன் என்பவருடையது. முதலில் கடற்கரையில் வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் நாத்தம் தாங்காமல் விரட்டவும் உள்ளே கொண்டுவந்து போட்டார். வெளிச்சம் இறங்காத ஆழத்தில் தூண்டில் விடுகிற படகுகள் இருக்கின்றன. அவர்கள் தேடிப்போவது ஈரல் பெருத்த சுறாக்களை. அந்த ஈரலை அண்டாவில் போட்டு வேகவைத்தால் எண்ணெய் மேலே வரும். அது வடக்கே போய், அங்கிருந்து கப்பலேறி, பொம்பளைகள் மூஞ்சியில் பூசுகிற களிம்பு ஆகிறதாம். அவர்தான் சொன்னார். அந்த அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவன் எவனும் பெண்டாட்டி மூஞ்சியை மோந்து பார்க்க மாட்டான்.

பெரிய சுறாக்களோடு கலந்து இதுவும் வந்தது. முழங்கை நீளம்தான். அதற்குமேல் வளர்ந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. கரிக்கட்டை நிறம். அடிவயிறு அதைவிடக் கறுப்பு. முதுகுத் துடுப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முள். தோல் உப்புத்தாள் மாதிரி. கண் மட்டும் அந்தத் தலைக்குப் பொருந்தாத பெரிசு, பச்சை. செத்த மீனுக்குக் கண் வெளுத்துப்போகும். இதற்கு வெளுக்காது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் நம்மைப் பார்க்கும். படகுக்காரர்களிடம் பேர் கேட்டேன். பேரே இல்லை என்றார்கள். ஆழத்திலிருந்து ஏறி வரும்போது வயிறு நீலமாக மினுங்கும், தளத்தில் போட்டதும் அணைந்துவிடும் என்று ஒருவன் சொன்னான். வயிற்றைக் கீறினால் உள்ளே முழுக்க ஈரல்தான். குடல் ஒரு ஓரத்தில் ஒண்டிக் கிடக்கும்.

ஈரலை எடுத்த பிறகு உடம்பைக் குழியில் போட்டு மூடுவார்கள். அந்தக் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழையில் ஒட்டி மூடிக்கொள்ளும். வெயிலில் வெடிக்கும். கோடையில் கை போகிற அளவுக்கு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியாகப் புதைத்ததெல்லாம் மூச்சு விட ஆரம்பித்தது. கொழகொழவென்று மஞ்சளாக ஒன்று கசிந்து மேலே வந்து, அதில் மண் ஒட்டிக் கிடக்கும். பக்கத்துக் காட்டில் பாசிப்பயறு பறிக்க வந்த பொம்பளைகள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு பறித்தார்கள். அதில் ஒருத்தி வரப்பிலேயே வாந்தி எடுத்து, அதை மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மறுபடியும் நிரையில் குனிந்தாள். கூலி போய்விடுமே.

ஒரு நாள் சௌந்தரபாண்டியன் என்னைக் கூப்பிட்டார். நான் அவருக்கு உப்பு கொண்டுபோய்ப் போடுகிறவன். சொந்தமாகக் கருவாட்டு வியாபாரமும் உண்டு.

"ஏலே சோலை, இந்தச் சனியனப் புதைச்சு முடியல. காடு பூரா குழியாப் போச்சு. நீ கருவாடு போடுத ஆளுதான? அள்ளிட்டுப் போயேன்."

"திங்கலாமா மொதலாளி?"

"எங்கிட்டக் கேட்டா? நான் சைவம்லா."

அவர் பொய் சொல்லவில்லை. சைவம்தான். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, கொட்டகைக்கு வெளியே காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார்.

நான் அள்ளிக்கொண்டு வந்தேன். தலையை வெட்டினேன், ஏனென்றால் அந்தக் கண். முள்ளையும் வாலையும் வெட்டினேன். தோலை உரித்தேன். உரித்துவிட்டால் வெள்ளையாக இருக்கும். பால்சுறாக்குட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் நான் சொன்னால்தான் தெரியும். உப்பு போட்டு அடுக்கி, தார்ப்பாயில் காயவைத்தேன். காயச் சிரமப்பட்டது. எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். கையில் பட்டால் சீயக்காய்க்கும் போகாது. சாப்பாட்டைப் பிசைந்தால் சோற்றுக்குள் அந்த நாத்தம் ஏறிவிடும். நான் கரண்டியில் சாப்பிட ஆரம்பித்தேன்.

காக்காய்கள் வந்தன. வழக்கமாகக் கருவாடு காயப்போட்டால் ஒரு ஆள் குச்சியோடு உட்கார வேண்டும். இதில் வந்து உட்கார்ந்து, ஒரு கொத்து கொத்திவிட்டு, அலகைத் தார்ப்பாயில் தேய்த்து தேய்த்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டன. மறுநாள் வரவில்லை. காவலுக்கு ஆள் தேவையில்லை என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

கோவில்பட்டி, பசுவந்தனை, எட்டயபுரம் என்று என்னுடைய டிவிஎஸ் வண்டி போகிற ஊரெல்லாம் இது போனது. பிள்ளை பெற்ற வீடுகள் என்னைத் தேடி வரும். "அண்ணாச்சி, நல்ல நாத்தமுள்ள சுறாவாப் பாத்துப் போடுங்க" என்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் மலர்கிற மனுசரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினம் பார்த்தேன். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. எருமைகூட முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பும். இவர்கள் முகர்ந்துவிட்டு இன்னும் இரண்டு துண்டு போடு என்பார்கள்.

சில பேருக்கு வயிற்றால் போனது. போவதே தெரியாமல் சேலையில் எண்ணெயாக இறங்கியது என்று ஒருத்தி சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னாள். புளித்தண்ணீரில் ரெண்டு தரம் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுக் குழம்பு வை என்று சொல்லிக் கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. என்னால் முடிந்ததைச் செய்யாமல் இல்லை.

இனி பசுவந்தனை. என் அக்கா சீனித்தாய் அங்கேதான் கட்டிக்கொடுத்த இடம். அவள் மகள் இசக்கிச்செல்வி. மருமகன் மணிராஜ் மணியாச்சியில் தண்டவாள வேலைக்குக் காண்டிராக்டில் போகிறவன். கல்யாணமாகி எட்டு வருசம் பிள்ளை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, மறுபடி கோயில் என்று அலைந்து இந்த ஐப்பசியில் ஆண் பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிற வழக்கம் உண்டு. யார் சீனித் தண்ணீரைத் தொட்டு முதலில் நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சீனித்தாய் என்னைத்தான் வைக்கச் சொன்னாள். "என் தம்பி மாதிரி நிதானம் ஊர்ல எவனுக்கு இருக்கு?" என்றாள். வைத்தேன். நாக்கு பூனைக்குட்டி நாக்கு மாதிரி என் விரலைத் தடவியது.

இசக்கிச்செல்விக்குப் பால் வரவில்லை. பவுடர் பால் கொடுத்தால் பிள்ளை கக்கியது. எலும்பு தெரிய ஆரம்பித்தது. அக்கா போன் போட்டாள். "ஏலே, எப்பிடியாச்சும் நல்ல பால்சுறாவாக் கொண்டா. பிள்ள கையில நிக்குமான்னு தெரியல" என்றாள்.

நான் தூத்துக்குடி போய் நிஜமான பால்சுறா வாங்கினேன். இதை எழுதிக்கொள்ள வேண்டும். பிடித்த அன்றைக்கே உப்பிட்ட சரக்கு, கை வைத்தால் மணல் மாதிரி உலர்ந்திருந்தது. வாழைமட்டையில் கட்டி, வண்டியில் என் காலுக்கடியில் இருந்த பெட்டியில் தனியாக வைத்தேன். கூடையில் வழக்கமான சரக்கு. பசுவந்தனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி எப்போதும்போல் சாக்கை விரித்தேன், பெட்டியை இறக்கிக் காலடியில் வைத்தேன். அக்கா பையோடு வந்து நின்றாள். அப்போதுதான் வேலுத்தாய் வந்தார்கள்.

வேலுத்தாய் பக்கத்து ஊர். காடு கரை உள்ள வீடு. போன மாதம் என்னிடம் மருமகளுக்கு வாங்கிப் போனவர்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக வந்தார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்டதான வாங்கினேன்."

"ஆமாம்மா."

"எம் மருமவ தின்னா. பால் வந்துச்சு. பிள்ள நல்லாக் குடிச்சிட்டு ஒறங்குச்சு. வயிறு நெறஞ்சு ஒறங்குதுன்னு சந்தோசப்பட்டோம். ஒறங்கிக்கிட்டே இருந்துச்சு. பொறவு முழிக்கவே இல்ல."

கூடையைப் பார்த்துக் குனிந்து நின்ற பொம்பளைகள் நிமிர்ந்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"பால் பொரையேறிட்டுன்னாவ. பொரையேறுனா பிள்ள இருமாதா? இருமலயே."

டீக்கடை கிட்டு கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "மதினி, கருவாட்டக் கொற சொல்லாதீய. கொழம்பு தின்னு ஆளு சாகும்னா எங்க வீட்டுக்காரி கைக்கு நான் எப்பமோ போயிருக்கணும்லா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேலுத்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒம் பொண்டாட்டி கொழம்ப நீ திங்க, நீ போவ. எங்க வீட்ல தின்னவ ஒருத்தி, கிட்டு. போனது அவ மடியில கெடந்தது."

சிரிப்பு நின்றது. வேலுத்தாய் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குதேன் அண்ணாச்சி. ஒங்க வீட்ல பிள்ள பெத்தவளுக்கு இந்தக் கூடையில இருக்கத எடுத்துக் குடுப்பீயளா?"

என் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மதினி, இப்பிடிக் கேட்டுட்டீய? நான் இவங்கூடப் பொறந்தவ. எம் மவளுக்கு வாங்கத்தான் பையத் தூக்கிட்டு நிக்கேன். போடுலே. இவிய கண்ணு முன்னாலயே போடு."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். காலுக்கடியில் பெட்டி இருந்தது. குனிந்து மட்டைக் கட்டை எடுத்திருக்கலாம். எடுத்தால், சொந்த அக்காவுக்குத் தனிக் கட்டு, ஊருக்கு வேறு கூடையா என்று கேட்பார்கள். ஒரு வியாபாரியிடம் பதில் இல்லாத கேள்வியை ஜனங்கள் கேட்டுவிட்டால், அவன் அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும் சாக்கை விரிக்க முடியாது. நான் கூடையிலிருந்தே எடுத்தேன். தடித்த துண்டுகளாகப் பார்த்து எடுத்தேன். நிறுத்தேன். கொசுறாக ஒரு துண்டும் போட்டேன்.

அக்கா பையை வேலுத்தாய்க்கு நேரே தூக்கிக் காட்டினாள். வேலுத்தாய் தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குக் கூடை மத்தியானத்துக்குள் காலியானது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மட்டைக் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போனேன். எப்படியாவது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து துண்டுகளைப் புளித்தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. இசக்கிச்செல்வி கதவோரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"மாமா, நாத்தம் கொடலப் பொரட்டுது. இதத் தின்னாத்தான் பால் வருமா?"

"வரும்ட்டி."

"சத்தியமா?"

"வரும்னு சொல்லுதேன்லா."

"அப்பம் மூக்கப் பொத்திட்டு முழுங்கிருதேன். இவன் பெரியாளா ஆவட்டும், சொல்லுதேன். ஒங்க தாத்தா ஒன்ன வளத்தது பாலக் குடுத்து இல்லலே, நாத்தத்தக் குடுத்துன்னு." அவள் சிரித்தாள். பிள்ளையின் தலை அவள் சிரிப்புக்கு ஆடியது. "கவுச்சிப் பயன்னு பேர் வச்சிருவோமா?"

"வாயக் கழுவுட்டி" என்று அக்கா அதட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "பையில என்னலே?" என்றாள்.

அந்த இடம்தான். அந்த இடத்தில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் காலையில் அவ்வளவு பேருக்கு முன்னால் கொடுத்ததை மத்தியானம் ஏன் மாற்றுகிறாய் என்று அவள் கேட்பாள். அவள் எனக்கு மூத்தவள், விடாமல் கேட்பாள். சாயங்காலத்துக்குள் தெருவே கேட்கும்.

"ஒண்ணுமில்ல. ராத்திரிக்கு எனக்குக் கொழம்புக்கு" என்றேன்.

வீட்டுக்குப் போய் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நல்ல சரக்கு. வீணாக்கவில்லை.

இசக்கிச்செல்விக்குப் பால் வந்தது. சட்டை நனைகிற அளவுக்கு வந்தது. அக்கா போனில் அழுதாள். பிள்ளை நன்றாகக் குடிக்கிறான், குடித்துவிட்டு நன்றாக உறங்குகிறான் என்றாள். நல்லது என்றேன். அடுத்த போன் மணிராஜ் போட்டான். பின்னால் கேட்ட அழுகைச் சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

குழி நான்தான் வெட்டினேன். முறைக்கு வேறு ஆள் இருந்தது. ஆனால் மழை பெய்து மண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது. கொட்டகைப் பக்கம் அந்த மண்ணை வெட்டிப் பழகியவன் நான். ஆழமாகவே வெட்டினேன். கோடையில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என்மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. சொந்த அக்கா மகளுக்குக் கொடுத்தவன், சொந்தப் பேரனைத் தூக்கிப் புதைத்தவன். கருவாட்டில் விஷம் இருந்தால் கொடுப்பானா? துக்கம் கேட்க வேலுத்தாயும் வந்தார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேன் அண்ணாச்சி. எங்க வயித்தெரிச்சல் ஒங்க வீட்டுக்கு வந்துட்டுதோ என்னமோ" என்று அழுதார்கள். அவர்கள் கண்ணீர் என் விரலில் விழுந்தது. பரவாயில்லை அம்மா, மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். வைத்துக்கொள்ளவும் இல்லை.

வியாபாரம் நடந்தது. நீங்கள் இந்த ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்ததற்குக் காரணம் சுந்தரேஸ்வரி என்கிற பெண். தூத்துக்குடியில் மீன் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. ஆழ்கடல் சுறா எந்தெந்தச் சந்தைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தது. என் கூடையில் முள் வெட்டாமல் தப்பிப்போன ஒரு துண்டு கிடந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்ததும் அந்தப் பிள்ளை முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்கமாட்டேன். யாரும் இந்தக் கூடைக்கு முன்னால் மூக்கைப் பொத்தாமல் சிரித்ததில்லை.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்கு எங்க கெடச்சுது? நாங்க படத்துலதான் பாத்திருக்கோம். தலையோட முழுசா ஒண்ணு இருந்தாப் போதும், எனக்கு."

ஒன்று என்ன, ஐஸ் பெட்டி நிறைய இருக்கிறது என்றேன். கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். பெருமையாகக்கூட இருந்தது. பெட்டியைத் திறந்ததும் அத்தனை பச்சைக் கண்ணும் அதைப் பார்த்தன. அந்தப் பிள்ளை மண்டிபோட்டு ஒன்றைக் கையில் ஏந்தியது, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி, தலைக்குக் கீழே கை கொடுத்து. எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிக்கொண்டேன்.

"இது என்ன தின்னுது, எத்தன குட்டி போடுது, ஒண்ணுமே யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. இதோட சதையில என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததே இல்ல." பிறகுதான் அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஈரல் போவ மிச்ச ஒடம்ப என்ன செய்யுதீங்க?"

"பொதைக்கோம்" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அண்ணாச்சி, ஒங்க கூடையில இருந்துச்சே. யாரு வாங்குதா?"

பிள்ளை பெற்றவர்கள் என்றேன். மறைக்கவில்லை. கேட்டது, சொன்னேன். அந்தப் பெண் மீனைக் கீழே வைத்தது. கையைத் துணியில் துடைத்தது. மறுபடி துடைத்தது. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தது. நாத்தத்தினால் என்று நினைத்தேன். பழகாதவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

அந்தப் பெண் புகார் கொடுத்த பிறகு நீங்கள் வந்தீர்கள். எப்போதிலிருந்து தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேலுத்தாய் வந்து சொன்ன பிறகா, அதற்கு முன்னாலா என்று. முன்னால்தான். ஒரு துண்டுகூட விற்பதற்கு முன்னால்.

கொட்டகையில் ஒரு பெட்டை நாய் உண்டு. செவலை. அண்டாவுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்தது. தெரியாத பொருளை ஜனங்களுக்கு விற்பது தப்பு என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் காய்ந்த துண்டுகளை வேகவைத்து அதற்குப் போட்டேன். பசித்த நாய், தின்றது. வயிற்றால் எண்ணெயாகப் போனது, வாலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. தினம் போட்டேன். தினம் தின்றது. குட்டிகள் நன்றாகக் குடித்தன. பிறகு உறங்க ஆரம்பித்தன. குடித்தபடியே உறங்கின. ஒவ்வொன்றாகக் கை கால் துவண்டு போயின. கடைசியாகப் போனது காம்பைக் கவ்வியபடி விறைத்திருந்தது. நான்தான் இழுத்து எடுத்தேன். வாயிலிருந்து பால் ஒழுகியது. எல்லாவற்றையும் சுறாக் குழியில் போட்டு மூடினேன். நாய் கொஞ்ச நாள் அந்த இடத்தைப் பிறாண்டிக்கொண்டு திரிந்தது. பிறகு சரியாகிவிட்டது. இப்போதும் என்னைக் கண்டால் வாலாட்டும்.

தின்ற நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். தின்கிறவர்களுக்குத்தானே நான் விற்கிறேன்? குட்டிகளுக்கு விற்கவில்லையே. அப்படி நினைத்துத்தான் கூடையில் வைத்தேன். ஆண்கள், கிழவர்கள் இந்த நாத்தத்தை வாங்க மாட்டார்கள். கேள்வி கேட்காமல் வாங்குகிறவர்கள் பிள்ளை பெற்றவர்கள் மட்டும்தான். அது என் தப்பு இல்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இசக்கிச்செல்விக்குப் பால் நிற்கவில்லை. குடிக்க ஆள் இல்லாமல் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். பூ வாடிப் பழுப்பேறி, புளித்த பாலில் ஊறி, அந்த அறை முழுக்க ஒரு வாசனை. இத்தனை வருசம் அந்தக் கொட்டகையில் நின்ற எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வாய்க்காலோரம் வாந்தி எடுத்தேன். மணிராஜ் முதுகைத் தடவிவிட்டான்.

இசக்கிச்செல்வி இப்போது வெளியே வந்து நிற்கிறாள் என்று சொல்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறாளாம். வரட்டும். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, நடந்துதானே வந்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? பால் வரும் என்று சொன்னேன். வந்தது.